குறைத்து வைத்த கடல்

தோமையார்துறையில் கடலின் சத்தம் நின்றுபோனது ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சோற்றுக்கும் சாயங்கால ஜெபமாலைக்கும் நடுவில், டெல்பின் தன் வீட்டில் மாமியாரின் ஒப்பாரியைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது. கடல் இருந்த இடத்திலேயேதான் கிடந்தது. அலை எழுந்தது, மடிந்தது, நுரை கரையேறி வந்து மணலில் வற்றியது, நண்டுகள் வழக்கம்போல வளைக்குள் ஓடி ஒளிந்தன. சத்தம் மட்டும் இல்லை.

பாட்டுப் பதிவு செய்வது டெல்பினுக்குப் பிழைப்பு. கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவள், புருஷன் கஸ்பார் கடலுக்குப் போய்த் திரும்பாமலே போனபிறகு, படுக்கையறையைப் பாட்டெடுக்கிற அறையாக்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தினாள், சுவரெல்லாம் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டாள், அலமாரிக் கதவைத் திறந்தபடியே வைத்தாள், ஏனென்றால் உள்ளே கஸ்பாரின் சட்டைகள் நெருக்கமாகத் தொங்கின, துணி நிறைந்த அலமாரி அறையின் எதிரொலியைக் குடித்துவிடும். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும்போது பாடுகிற புதுநன்மைப் பாட்டு, கல்யாண வரவேற்புப் பாட்டு, திருவிழாப் பாட்டு, இறந்தவர்களுக்கான நினைவுப் பாட்டு என்று கரையோர ஊர்களிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள்.

பெரிய ஸ்டுடியோக்களில் முதலில் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவார்கள், பிறகு ஆற அமர உட்கார்ந்து எதைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று நாள்கணக்கில் கலப்பார்கள். டெல்பினிடம் அதற்குப் பொறுமையுள்ள லேப்டாப் இல்லை, பொறுமையுள்ள ஆட்களும் இல்லை. மீன் ஏலம் முடிந்து உலை வைப்பதற்குள் பாடிவிட்டு, பாட்டைப் போனில் வாங்கிக்கொண்டு போக வேண்டும் அவர்களுக்கு. அதனால் அவள் பதியும்போதே கலந்தாள். ஒருத்தி பாடப் பாட, இடது கையால் அவள் குரலின் கூர்மையைத் தணித்து, வலது கையால் கோயிலுக்குள் பாடுவதுபோல ஓர் எதிரொலியைக் கூட்டி, ஆர்மோனியத்தைக் கொஞ்சம் பின்னே தள்ளி, கடைசி வரி முடியும்போது முழுப்பாட்டாக எடுத்துக் கொடுத்தாள். பாடுகிறவர்களும் ஹெட்போனில் தங்கள் குரலை அப்படி முடித்த பாட்டாகவே கேட்டதால், தங்களுக்கே தெரியாத அழகோடு பாடினார்கள். ஒரே ஒரு கஷ்டம்தான். கலந்து உள்ளே போனது போனதுதான். பிறகு ஒன்றைத் தனியே உருவ முடியாது.

எந்தப் பாட்டை எடுத்தாலும் அதன் அடியில் கடல் கிடந்தது. மெத்தையைத் தாண்டி, கம்பளியைத் தாண்டி, தரை வழியாக ஏறி வந்து மைக்குக்குள் புகுந்துகொண்டது. டெல்பின் அடிச்சத்தத்தை முடிந்தவரை குறைத்துப் பார்ப்பாள், ஓரளவுக்குமேல் போனால் குரலும் சேர்ந்து மெலியும் என்பதால் விட்டுவிடுவாள். ஊர்க்காரர்களுக்கு அது கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து காதுக்குள் இருப்பது எப்படிக் கேட்கும்?

அந்த வெள்ளிக்கிழமை மாமியார் வியாகுலமேரி, மீன் விற்றுவிட்டு வந்து, காலைக் கழுவி, தலையில் சேலை முந்தானையைப் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

"பிள்ளே, எனக்கு ஒரு பாட்டு எடுக்கணும்."

"யாருக்கு மாமி?"

"கஸ்பாருக்கு."

டெல்பின் எழுந்து நின்றுவிட்டாள். கஸ்பார் போனதிலிருந்து நினைவுப் பூசைக்குக்கூட இடம் கொடுக்காதவள் மாமி. பங்குச் சாமியார் நேரில் வந்து கேட்டபோது, "சவத்தைக் காட்டுங்க, பூசை வைக்கேன்" என்று கதவைச் சாத்தியவள். மூத்தவனுக்குக் கஸ்பார், இளையவனுக்கு மெல்கியூர் என்று குழந்தை இயேசுவைப் பார்க்கப் போன மூன்று ராஜாக்களின் பெயரை வரிசையாக வைக்க ஆசைப்பட்டு, மூன்றாவது பெயருக்குப் பிள்ளை வாய்க்காமல் போனவள்.

"கல்லறைத் திருநாளுக்கு வெறுங்குழியாவது மந்திரிக்கேன்னு சாமியார் சொல்லுதாரு" என்றாள். "சரின்னுட்டேன். அங்க வச்சு எனக்குப் பாட வராது. நீ இப்ப எடுத்து வை. அன்னைக்குப் போட்டு விடு."

டெல்பின் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். கிழவி கொஞ்ச நேரம் தன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முகம் மாறி, ஹெட்போனைக் கழற்றினாள்.

"இது என்ன, பின்னால கெடந்து உறுமுது?"

"கடலு மாமி. அது எப்பவும் கேக்கும்."

"எம் மொவனையும் எடுத்துட்டு, எம் பாட்டுக்குப் பின்னாலயும் வந்து நிக்குதா அது? கொறை."

"ரொம்பக் கொறைச்சா உங்க சத்தமும் சேந்து போவும்."

"போனாப் போட்டும். கொறை, பிள்ளே."

வியாகுலமேரி பாடினாள். கூடை சுமந்து உன்ன வளத்தேன், குழிய வெட்டி வச்சு உன்னத் தேடுதேன் என்று பாடினாள். உப்புத் தண்ணி குடிச்ச வாய்க்கு ஒரு மடக்கு நல்ல தண்ணி தர நான் எங்க வர என்று பாடினாள். ஒவ்வொரு வரிக்கும் டெல்பின் அடிச்சத்தத்தைக் குறைக்கிற குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்தது, அன்றைக்கு அவள் நிறுத்தவில்லை. மாமி சொன்னதற்காக என்று அவள் கை தொடங்கியிருந்தாலும், பாதிப் பாட்டுக்கு மேல் அந்தக் கையை நடத்தியது அவளுடைய சொந்த வெறுப்புதான். ஆளில்லாத கட்டிலில் படுத்து, இரண்டு தெருவுக்கு அப்பால் கடல் எதையோ மென்றுகொண்டே இருப்பதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வெறுப்பு. குமிழ் கடைசிவரை போய் நின்றது. குரல் மெலியவில்லை. கிழவியின் குரல் மட்டும், கழுவி வைத்த பாத்திரம்போலத் தனியே இருந்தது.

பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது, வெளியிலும் கடல் இல்லை.

முதலில் ஊரில் ஆளாளுக்குத் தங்கள் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்து, தலையைச் சாய்த்துத் தட்டினார்கள், தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் தெளிவாகக் கேட்கவும்தான் காதில் குறையில்லை என்று தெரிந்தது. நாய்கள் கரையில் வரிசையாக நின்று அலையைப் பார்த்துக் குரைத்தன. குழந்தைகள் தூங்க மறுத்தன, தாய்மார்கள் மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டுத் தூங்கவைத்தார்கள். கடலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று பரம்பரையாகக் கத்திப் பேசிப் பழகிய சனம், திடீரென்று தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று கண்டு வெட்கப்பட்டு, மெல்லப் பேசக் கற்றுக்கொண்டது. ஏலக்காரர் காதோடு சொல்வதுபோல விலை சொன்னார். சுவருக்கு அந்தப்பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் பேசுவது இந்தப்பக்கம் கேட்டது, அதனால் சில சண்டைகள் வந்தன, சில சண்டைகள் வராமலும் போயின. டவுனிலிருந்து டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். சத்தமில்லாத கடலைக் காட்டினால் ஜனங்கள் தங்கள் டிவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள் என்பதால், வேறெங்கோ எடுத்த கடல் சத்தத்தைச் சேர்த்துப் போட்டார்கள். தோமையார்துறைக்காரர்கள் அதைப் பார்த்து, "இது நம்ம கடல் சத்தமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

யார் செய்தது என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வியாகுலமேரியே மீன் கூடையை இறக்கி வைக்கிற இடமெல்லாம் சொன்னாள். "எம் மருமொவ கடலைக் கொறைச்சு வச்சிருக்கா."

ஒரு வாரத்தில் விதவைகள் டெல்பினைத் தேடி வரத் தொடங்கினார்கள். கடல் தின்றுவிட்ட ஆண்களின் பெண்டாட்டிகள், வயசான விதவைகளும் இளம் விதவைகளும், வாழையிலையில் பொதிந்த நெய்மீன் துண்டும் இறாலுமாக வந்து அறைக்குள் உட்கார்ந்தார்கள். ஒருத்தி டெல்பினின் கையைப் பிடித்து, "தூங்கினேன் மக்கா" என்றாள். "அவரு போனதுக்குப் பொறவு நேத்துதான் தூங்கினேன்."

கல்லறைத் திருநாளன்று, வெறுங்குழியின் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து அந்த ஒப்பாரியைப் போட்டார்கள். ஊர் முழுக்கக் கேட்டது. அவ்வளவு சுத்தமாக ஓர் அழுகையை யாரும் அதுவரை கேட்டதில்லை. சாமியார் தீர்த்தச் செம்பைப் பிடித்தபடி மந்திரத்தை மறந்து நின்றார். டெல்பின் ஸ்பீக்கர் வயரைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தாள். குழியை அவள் பார்க்கவில்லை.

ஆண்கள் வந்தது அதற்குப் பிறகு. கொழுந்தன் மெல்கியூர் முன்னால் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினான்.

"மைனி, கொஞ்சம் கூட்டி வச்சிருங்க."

"ஏன் மெல்கியூர், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. ஆவறதுக்கு முன்னால சொல்லுதோம். விடிஞ்சும் விடியாம வள்ளத்தைத் தள்ளும்போது சத்தத்தை வச்சுத்தான் அலையக் கணக்குப் பாப்போம். திரும்பி வரும்போதும் அப்படித்தான். கோயிலுக்கு நேர பாறை, அதுல அடிச்சா ஒரு சத்தம். மேக்க மணலு, அதுல அடிச்சா வேற சத்தம். வெயிலடிச்சாக் கண்ணு போதும். மூட்டம் போட்டா என்ன செய்ய?"

அவன் பின்னால் அருள்சீலன் நின்றான். மெல்கியூரின் வள்ளத்தில் போகிறவன், புதுமாப்பிள்ளை. சிரித்துக்கொண்டே, "எம் பொண்டாட்டி பேசுததெல்லாம் ஊருக்கே கேக்குது அக்கா, அதுக்காவது கூட்டி விடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனபிறகு டெல்பின் உண்மையாகவே முயன்றாள். அந்தப் பதிவைத் திறந்து குமிழை மேலே மேலே திருப்பினாள். மாமியின் குரல் உயர்ந்து சுவரில் மோதியது. அடியில் ஒன்றுமில்லை. இல்லாததை எவ்வளவு கூட்டினாலும் இல்லாததாகவே இருந்தது. முடியவில்லை என்று போய்ச் சொன்னாள். சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், காலையிலிருந்தே பொடிமழை பெய்து, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பலாகக் கலந்துபோன ஒரு நாளில், போன வள்ளங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறிக் கரை சேர, மெல்கியூரின் வள்ளம் மட்டும் வரவில்லை. அதில் மெல்கியூர், அருள்சீலன், சிலுவை என்கிற பெரியவர். கடைசியாக வந்தவர்கள், எஞ்சின் நின்றுபோய்த் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்களின் கூப்பாட்டைக் கேட்டதாகவும், எந்தத் திசை என்று தெரியவில்லை என்றும் சொன்னார்கள். கோயில் மணியை அடித்தார்கள். மணி கோயில் இருக்கிற இடத்தைச் சொன்னது. கோயிலுக்கு நேரே பாறைகள். உடனே நிறுத்தினார்கள்.

டெல்பின் லேப்டாப்பையும் குமிழ்ப் பலகையையும் சேலைக்குள் பொத்திக்கொண்டு ஏலக்கூடத்துக்கு ஓடிவந்தாள். திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்களை மேற்கே மணல்துறையில் கடலைப் பார்த்துக் கட்டச் சொன்னாள். மைக்கை நட்டாள். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து, "கடல் சத்தம் போடணும்" என்றாள். "மணல்ல அடிக்கிற அலை. ஆளுக்கு ஒண்ணு குடுங்க. நான் சேக்கேன்."

யாரும் அசையவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன் என்று கையைப் பிடித்தவள்தான் முதலில் பேசினாள். "எம் புருஷனைத் தின்ன சத்தத்தை எம் வாயாலயே போடச் சொல்லுதியா?"

அப்போது வியாகுலமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மைக்கின் முன் குந்தி உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சை எடுத்து, வெகுதொலைவில் அலை திரள்கிற அந்த முதல் உறுமலை, ஹோ என்று, நீளமாக விட்டாள். கண்ணை மூடிக்கொண்டால் கடலேதான். டெல்பின் அதைப் பிடித்து, கனத்தைக் கூட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி சுழலவிட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி முறத்தில் மணலைப் புடைத்தாள், அது நுரை ஆயிற்று. ஒருத்தி அலுமினியக் கூடையைக் கவிழ்த்து உள்ளங்கையால் அறைந்தாள், அது அலை மடிகிற இடம். பல்லிடுக்கில் காற்றை விட்டார்கள், ஈரச் சேலையைத் தரையில் அடித்தார்கள். இத்தனை வருஷம் தூங்காமல் கிடந்து அந்தச் சத்தத்தைச் சபித்தவர்களுக்கு அதன் ஒவ்வொரு மடிப்பும் மனப்பாடமாக இருந்தது. ஊரில் கடலை அவ்வளவு நன்றாகக் கேட்டவர்கள் வேறு யாருமில்லை.

அருள்சீலனின் பெண்டாட்டி ஜெனிலா கடைசியாக வந்தாள். வலைக் குவியலின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு, மணலில் பின்பக்கமாக இழுத்தாள். அலை திரும்பிப் போகும்போது கூழாங்கல்லையும் கிளிஞ்சலையும் வாரிக்கொண்டு போகிற அந்த இழுப்பு அதில் வந்தது. பாரத்தில் அவள் தொண்டையிலிருந்து ஒரு முனகலும் சேர்ந்து வந்தது. டெல்பின் இரண்டையும் பிரிக்கவில்லை. நேரமில்லை. அப்படியே கலந்து உள்ளே விட்டாள். மழைக்குள் குழாய்கள் கடலைப் பார்த்துக் கடலாக முழங்கின.

வள்ளம் சாம்பலுக்குள்ளிருந்து வெளிப்பட்டபோது ஊரே கத்தியது. ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்தார்கள். சிலுவை இறங்கினார். மெல்கியூர் இறங்கி, கரைக்கு வந்து, டெல்பினின் முன்னால் மணலில் முழங்காலிட்டு விழுந்தான்.

"அருள்சீலன் எங்க?"

"சத்தம் கேக்கறதுக்கு முன்னாலயே குதிச்சிட்டான் மைனி. மணியடிச்சுதுலா, கரை கிட்டத்தான் இருக்கு, நான் நீந்திப் போய் ஆளைக் கூட்டியாரேன்னான். புடிச்சேன். சட்டைதான் கையில வந்துது."

ஜெனிலாவுக்கு அது கேட்டது. எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள். அவள் வலையை விடவில்லை. திரும்பவும் தொடக்கத்துக்குப் போய், தோளில் போட்டு, இழுத்தாள். மீண்டும் போனாள், இழுத்தாள். டெல்பினின் விரல் ஜெனிலாவின் சத்தத்துக்கான குமிழின் மேல் இருந்தது. குறைத்திருக்கலாம். அவன் இன்னும் தண்ணீரில் இருந்தால், கேட்டால், என்று நினைத்தாள், குறைக்கவில்லை, கொஞ்சம் கூட்டினாள். வெளிச்சம் மங்கும்வரை ஜெனிலா இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் வியாகுலமேரி போய் அவள் தோளிலிருந்து வலையை எடுத்தாள்.

மறுநாள் காலை பாறைகளுக்கு நடுவில் அவன் கிடைத்தான். வியாகுலமேரி அவன் முகத்தைத் துடைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் அந்தக் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் இருந்தாள்.

அந்தக் காலையிலிருந்து கடலுக்குச் சத்தம் வந்துவிட்டது. பழைய சத்தம் திரும்பவில்லை. ஏலக்கூடத்தில் பெண்கள் போட்ட சத்தம்தான் அலைகளில் இருந்தது. வியாகுலமேரியின் மூச்சில் திரண்டு, கூடையின் அறையில் மடிந்து, முறத்தின் புடைப்பில் பரவி, வலையின் இழுப்பில் திரும்பிப் போயிற்று. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. குழந்தைகள் தூங்கின. சனம் திரும்பவும் கத்திப் பேசத் தொடங்கியது. வள்ளங்கள் மூட்டத்திலும் மணலைக் கண்டுபிடித்து வந்தன. கரையில் நடப்பவர்கள் நின்று, "இது நம்ம வியாகுலமேரியக்காவோட மூச்சுலா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விதவைகளுக்குத் தூக்கம் மறுபடி போயிற்று, அதற்காக யாரும் டெல்பினிடம் குறை சொல்லி வரவில்லை.

ஜெனிலாதான் வந்தாள், கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு முற்பகலில். ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, என்னைய மட்டும் அதுலேருந்து எடுத்திருங்க."

டெல்பின் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

"ஒவ்வொரு அலைக்கும் நான் அவரைக் கூப்பிடுதேன். சோறு பொங்கும்போது கூப்பிடுதேன், குளிக்கும்போது கூப்பிடுதேன். அவரைப் பொதைச்சாச்சு, அதுக்குத் தெரியல, அது கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. கடலையே எடுத்தீங்கல்லா, என்னைய எடுக்க முடியாதா?"

"கடலு அடியில தனியா கெடந்துது ஜெனிலா. நீ எல்லாரோடயும் கலந்து உள்ள போயிட்ட. உன்னை எடுத்தா மாமி போவாவ, மத்தவங்க போவாவ, மணலு போவும். மெல்கியூர் எங்க வந்து ஏறுவான்?"

ஜெனிலா தலையை ஆட்டினாள். வரும்போதே தெரிந்துதான் வந்திருந்தாள். எழுந்து போவாள் என்று டெல்பின் நினைத்தாள். போகவில்லை. மெத்தை சாத்திய ஜன்னலுக்கு வெளியே அலை திரும்பிப் போகும்போதெல்லாம் ஜெனிலாவின் தோள் ஒருமுறை குலுங்கியது, இழுப்பதுபோலவே.

டெல்பின் எழுந்து, தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தாள். ஹெட்போனை அவள் காதில் மாட்டி, அவள் விரலை எடுத்து ஒரு குமிழின் மேல் வைத்தாள். பிறகு அவளே போய் மைக்கின் முன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேரை உட்காரவைத்த இடம். அங்கிருந்து பார்த்தால் அறை வேறு மாதிரி இருந்தது.

"எடுக்க முடியாது" என்றாள். "சேக்க முடியும்."

ஜெனிலா புரியாமல் பார்த்தாள்.

"நான் அழல ஜெனிலா. அவரு போன அன்னைக்கும் அழல, குழி மந்திரிச்ச அன்னைக்கும் அழல. எப்பவும் நான் வயரைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

அலை திரண்டு வந்தது. மடிந்தது. நுரை பரவியது. அது திரும்பிப் போகத் தொடங்கிய இடத்தில் டெல்பின் வாயைத் திறந்து கஸ்பாரைக் கூப்பிட்டாள். பெயராகத் தொடங்கி, பெயர் கரைந்து, அடிவயிற்றிலிருந்து வந்த வெறும் சத்தமாகி, ஜெனிலாவின் இழுப்போடு மணலில் உரசிக்கொண்டு போயிற்று. ஜெனிலாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி ஹெட்போன் வயரில் சொட்டியது.

"எவ்வளவு வைக்க அக்கா?" என்று கேட்டாள்.

"உனக்குப் பக்கத்துல" என்றாள் டெல்பின். "உன்னைவிடக் கொஞ்சம் கீழ."

மறுநாள் விடியலில் மணல்துறையில் வள்ளத்தைத் தள்ள வந்தவர்கள் தோளைக் கொடுத்தபடியே நின்றுவிட்டார்கள். அலை திரும்பிப் போகிற இழுப்பில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மெல்கியூர் கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டான். "நம்ம மைனி" என்றான். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து வள்ளத்தை அந்தச் சத்தத்துக்குள் தள்ளினார்கள்.